நேரலையும் நேர்மையும்: பயங்கரவாதச் செய்திகளும் ஊடகச் சுதந்திரமும்

முன்னுரை

மக்களாட்சியில் சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் ஆகிய மூன்றனுக்கும் அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது இதழியல். இயல்பான காலங்களில் இந்த இடத்தை எவரும் மறுப்பதில்லை. பயங்கரவாதத் தாக்குதல் நிகழும்போதுதான் அது சோதனைக்கு உள்ளாகிறது. செய்தி சொல்வது மக்களுக்கு ஆற்றும் கடமையா, தாக்குபவனுக்குச் செய்யும் உதவியா என்னும் வினா அப்பொழுது எழுகிறது. பயங்கரவாதம் தன் இயல்பிலேயே காட்சியை நாடுவது. கொல்லப்படுபவர்களைக் காட்டிலும் அதனைக் கண்டு அஞ்சுபவர்களே அதன் உண்மையான இலக்கு. எனவே அதனைக் காட்டும் ஊடகம் தன்னை வெறும் பார்வையாளர் என்று கூறிக்கொள்ள இயலாது.

இவ்வினாவுக்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. நாட்டின் பாதுகாப்பே முதன்மையானது. ஆதலின் அரசு தருவதை மட்டும் ஊடகம் வெளியிட வேண்டும் என்பது ஒன்று. கருத்துச் சுதந்திரம் அடிப்படை உரிமை. ஆதலின் எந்நிலையிலும் ஊடகத்தைக் கட்டுப்படுத்தலாகாது என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் ஒரு வேறுபாட்டைக் காணத் தவறுகின்றன. செய்தியைக் காலந்தாழ்த்தித் தருவது வேறு. செய்தியைத் திரட்டும் வழியையே அடைப்பது வேறு. முன்னதை மக்களாட்சி ஏற்கலாம். பின்னதை ஏற்றால் மக்களாட்சி தன்னையே இழக்கும். 2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதல், அதன்மீதான உச்சநீதிமன்றத்தின் கருத்து, அதன்பின் வந்த ஒளிபரப்பு விதி, 2025ஆம் ஆண்டு நிகழ்வுகள் ஆகியவற்றைக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

மும்பைத் தாக்குதலும் தொலைக்காட்சியும்

2008 நவம்பர் 26 இரவு கடல்வழியே மும்பைக்குள் நுழைந்த பத்துப் பேர் சத்ரபதி சிவாஜி இரயில் நிலையம், லியோபோல்டு உணவகம், காமா மருத்துவமனை, தாஜ் விடுதி, ஓபராய் - டிரைடென்ட் விடுதி, நரிமன் இல்லம் ஆகிய இடங்களில் தாக்குதல் நடத்தினர். நவம்பர் 29 காலையில்தான் தாஜ் விடுதி முழுமையாக மீட்கப்பட்டது. 166 பேர் உயிரிழந்தனர். தாக்கியவர்களுள் ஒன்பதுபேர் கொல்லப்பட, அஜ்மல் கசாப் ஒருவனே உயிருடன் பிடிபட்டான்.

இந்நாள்கள் முழுவதும் நாட்டின் செய்தித் தொலைக்காட்சிகள் இடைவிடாது நேரலையை ஒளிபரப்பின. நவம்பர் 28 காலையில் தேசியப் பாதுகாப்புப் படை வீரர்கள் உலங்கு வானூர்தியிலிருந்து கயிற்றின் வழியே நரிமன் இல்லத்தின் கூரையில் இறங்கிய காட்சி, அது நிகழ்ந்த அதே நொடியில் வீடுதோறும் தெரிந்தது. வீடுகளில் மட்டும் அன்று. பாகிஸ்தானிலிருந்து தொலைபேசி வழியே தாக்குதலை இயக்கியவர்களின் அறையிலும் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் அவர்களை இயக்கியவர்களுக்கும் இடையே நடந்த உரையாடல்கள் பதிவு செய்யப்பட்டுப் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்பட்டன. தொலைக்காட்சியில் கண்டவற்றை இயக்கியவர்கள் உள்ளிருப்போருக்கு அவ்வப்போது எடுத்துரைத்தமை அப்பதிவுகளால் தெரியவருகிறது. கட்டடத்துக்குள் இருந்தவனுக்கு வெளியே நடப்பதைக் காணும் கண்ணாகத் தொலைக்காட்சி பயன்பட்டது. தாக்கியவர்களுள் ஒருவனுடன் நடத்திய தொலைபேசி உரையாடலையும் ஒரு செய்தித் தொலைக்காட்சி ஒளிபரப்பியது.

இவ்வாறான நிகழ்வு உலகில் முதன்முறை அன்று. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கின்போது இசுரேல் விளையாட்டு வீரர்கள் பிணையாக வைக்கப்பட்டிருந்த கட்டடத்தைச் சுற்றிக் காவலர்கள் நிலைகொண்ட காட்சி தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்டது. கட்டடத்தின் உள்ளேயும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மியூனிக் தந்த பாடத்தை முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தியத் தொலைக்காட்சிகள் கற்றிருக்கவில்லை.

ஒரே தீர்ப்பில் இருவகை இதழியல்

கசாப் வழக்கில் உச்சநீதிமன்றம் 2012 ஆகஸ்டு 29 அன்று தீர்ப்பு வழங்கியது. நீதிபதிகள் அப்தாப் ஆலம், சி.கே. பிரசாத் ஆகியோர் அடங்கிய அமர்வு, தாக்குதலை நேரலையாகக் காட்டிய முறையைக் கடுமையாகக் கண்டித்தது. அவ்வொளிபரப்பால் வீரர்கள் எவரேனும் உயிரிழந்தனரா என்று கண்டறிய இயலாது என்பதை அமர்வு ஒப்புக்கொண்டது. எனினும் பாதுகாப்புப் படையினரின் பணி அதனால் கடினமாகவும் ஆபத்தாகவும் ஆயிற்று என்பதில் ஐயமில்லை என்றது. அதே காட்சிகளை நடவடிக்கை முடிந்தபின் காட்டியிருக்கலாம். ஆனால் அப்போது பரபரப்பும் டி.ஆர்.பி. உயர்வும் கிடைத்திரா என்பது அமர்வின் கருத்து. ஊடகத்துக்கான கட்டுப்பாடு ஊடகத்தின் உள்ளிருந்தே வரவேண்டும் என்னும் வாதத்துக்கு இவ்வொளிபரப்புப் பெருந்தீங்கு செய்துவிட்டது என்றும் அது குறிப்பிட்டது.

இத்தீர்ப்பின் இப்பகுதியே பின்னாளில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுகிறது. அதே தீர்ப்பில் இதழாளர்களைப் பற்றிய மற்றொரு பகுதியும் உண்டு. அது பெரிதும் பேசப்படுவதில்லை. செபாஸ்டியன் டிசூசா, ஸ்ரீராம் வெர்ணேகர் ஆகிய இரு பத்திரிகை நிழற்படக் கலைஞர்கள் தாக்குதல் இரவில் தம் உயிரைப் பொருட்படுத்தாது இரயில் நிலையத்தில் கொலையாளிகளைப் பின்தொடர்ந்து படமெடுத்தனர். கையில் துப்பாக்கியுடன் கசாப் நடந்துவரும் படம் உலகெங்கும் அறியப்பட்டது. அப்படங்களும் அவ்விருவரின் நேரடிச் சாட்சியமும் வழக்கில் முதன்மையான சான்றுகளாயின. அவர்களுடைய தொழில் நேர்த்தியை அமர்வு மனமுவந்து பாராட்டியது.

இவ்விரு பகுதிகளையும் இணைத்துப் படிக்கும்போதே தீர்ப்பின் உட்பொருள் விளங்குகிறது. தொலைக்காட்சிக் குழுவினரும் நிழற்படக் கலைஞர்களும் ஒரே நிகழ்வைப் பதிவு செய்தவர்களே. ஆயினும் ஒரு சாராரின் பணி தாக்கியவர்களுக்குப் பயன்பட்டது. மறு சாராரின் பணி நீதிக்குப் பயன்பட்டது. துணிவாலோ அரசுச் சார்பாலோ விளைந்த வேறுபாடன்று இது, காலத்தால் விளைந்தது. நேரலை நொடியில் போய்ச் சேர்ந்தது. நிழற்படம் அச்சேறி மக்களை அடைவதற்குள் நடவடிக்கைக்கு ஊறு விளைவிக்கும் ஆற்றலை இழந்திருந்தது. அதன் மெய்ம்மையோ சிறிதும் குறையவில்லை. அவ்விரவில் இரயில் நிலையத்தில் நிழற்படக் கலைஞர் எவரும் இருத்தலாகாது என்று ஒரு விதி இருந்திருப்பின் அச்சான்று கிடைத்திராது. எனவே இத்தீர்ப்பு கேட்பது தாமதம், தடை அன்று.

தாமதம் தடையான வரலாறு

செய்தி ஒளிபரப்பாளர் சங்கம் 2008 அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் ஒரு தர ஆணையத்தை அமைத்திருந்தது. மும்பைத் தாக்குதலின்போது அதற்கு வயது இரண்டு மாதங்கூட இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் சங்கம் சில நெறிமுறைகளை வெளியிட்டது. நடவடிக்கை நிகழும்போது தாக்குபவர்களுடனோ பிணையாளிகளுடனோ நேரலையில் தொடர்பு கொள்ளலாகாது, பிணையாளிகளைப் பற்றிய விவரங்களை வெளியிடலாகாது, பழைய காட்சிகளைத் திரும்பத்திரும்பக் காட்டிப் பதற்றத்தை வளர்க்கலாகாது என்பன அவற்றுள் சில. இவை தாமதத்தின் வரம்புக்குள் அடங்குபவை. செய்தியாளர் களத்தில் இருப்பதையோ வினவுவதையோ இவை தடுக்கவில்லை.

2015 மார்ச்சில் நடுவண் அரசு கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையாகக் காட்டுதல் கூடாது என்பது அதன் முதற்பகுதி. இதில் குறை காண்பதற்கில்லை. அந்நடவடிக்கை முடியும்வரை, அரசு நியமிக்கும் அலுவலர் அவ்வப்போது தரும் விளக்கத்தோடு ஊடகச் செய்தி நிற்கவேண்டும் என்பது இரண்டாம் பகுதி. நீதிமன்றம் வேண்டியது நேரலையின் நிறுத்தம். விதி அதற்கப்பால் சென்று செய்தியின் ஊற்றையும் ஒன்றாகச் சுருக்கிவிட்டது.

இவ்விதியின் விளக்கப்பகுதியும் நோக்கத்தக்கது. பாதுகாப்புப் படையினர் நியாயமான முறையில் வலிமையைப் பயன்படுத்தும் மோதல்கள் அனைத்தும் பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையுள் அடங்கும் என்கிறது அது. ஒரு மோதலில் பயன்படுத்தப்பட்ட வலிமை நியாயமானதா என்பதே மக்களும் நீதிமன்றமும் பின்னர் எழுப்பவேண்டிய வினா. அவ்வினாவுக்கான விடையை விதி முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. நடவடிக்கை எப்போது முடிந்தது என்று அறிவிக்கும் உரிமையும் நடைமுறையில் அரசிடமே உள்ளது.

இதன் விளைவு 2016இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தின்மீது நடந்த தாக்குதல் பற்றிய ஒளிபரப்பில் பாதுகாப்புக்குரிய தகவல்களை வெளியிட்டதாகக் கூறி, என்டிடிவி இந்தியா தொலைக்காட்சி ஒரு நாள் ஒளிபரப்பை நிறுத்தவேண்டுமென நவம்பரில் ஆணையிடப்பட்டது. ஏனைய ஊடகங்களிலும் நாளிதழ்களிலும் வந்த செய்திகளையே தான் கூறியதாக அத்தொலைக்காட்சி விளக்கியது. இதழாசிரியர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தொலைக்காட்சி உச்சநீதிமன்றத்தை அணுகியது. ஆணை நடைமுறைக்கு வருமுன்பே அரசு அதனை நிறுத்திவைத்தது. தகவல் உண்மையில் தீங்கு பயப்பதா என்பதை நடுநிலையான ஓர் அமைப்பு ஆராயவில்லை. பல அமைச்சகங்களின் அலுவலர்கள் கூடிய குழுவே அதனை முடிவு செய்தது. குற்றஞ்சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவராயினமை இங்குக் கருதத்தக்கது.

அரசமைப்பின் அளவுகோல்

இந்திய அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையை வழங்குகிறது. 19(2) பிரிவு அதற்குக் கட்டுப்பாடுகளை வகுக்கிறது. இவற்றின் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் சென்னை மாகாணத்துக்குள் வருவதைச் சென்னை அரசு தடைசெய்தது. இதனை எதிர்த்து ரமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியது. இதன்பின் 1951இல் வந்த முதல் திருத்தம் பொது ஒழுங்கு என்னும் காரணத்தைச் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்கவேண்டும் என்னும் வரையறையையும் சேர்த்தது. அரசின் கை நீண்ட அதே திருத்தத்தில் அக்கைக்கு ஓர் அளவும் குறிக்கப்பட்டது.

அவ்வளவைத் தெளிவாக்கியது ஒரு தமிழ்த் திரைப்படம் பற்றிய வழக்கு. 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்படத்துக்கு வழங்கப்பட்ட தணிக்கைச் சான்றைச் சென்னை உயர்நீதிமன்றம் இரத்துச் செய்தது. 1989இல் ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன்ராம் வழக்கில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. அஞ்சப்படும் தீங்கு தொலைவில் இருப்பதாகவோ ஊகமாகவோ இருத்தல் கூடாது. வெடிமருந்துக்கும் தீப்பொறிக்கும் உள்ள தொடர்பு போலக் கூற்றோடு பிரிக்கவியலாதபடி பிணைந்திருத்தல் வேண்டும் என்பது அவ்வழக்கில் வகுக்கப்பட்ட நெறி.

இந்நெறியை மும்பை நிகழ்வில் பொருத்திப் பார்க்கலாம். வீரர்கள் கூரையில் இறங்குவதை இறங்கும்போதே காட்டுவது வெடிமருந்தின்மேல் விழும் பொறி. அதனைத் தடுப்பது நியாயமான கட்டுப்பாடே. ஆனால் தேசியப் பாதுகாப்புப் படை மும்பையை அடைய ஓரிரவு கடந்தது ஏன், காவலர்கள் அணிந்த பாதுகாப்பு அங்கிகளின் தரம் யாது, முன்னெச்சரிக்கைகள் என்னவாயின என்னும் வினாக்கள் பொறி அல்ல. அவை தீயணைக்கும் நீர். இவ்வினாக்களை ஊடகங்களும் விடாது எழுப்பின. ராம் பிரதான் தலைமையில் மகாராஷ்டிர அரசு விசாரணைக் குழு அமைத்தது. தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் 2008 இறுதியில் இயற்றப்பட்டது. 2009இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத் நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள் தொடங்கப்பட்டன. அலுவலர் விளக்கம் ஒன்றே செய்தியாக இருந்திருப்பின் இத்தகைய குறைகள் பொதுவெளிக்கு வருவது அரிதாகியிருக்கும்.

2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தகவல்தொடர்பு முடக்கப்பட்டபோது, 'காஷ்மீர் டைம்ஸ்' இதழின் நிர்வாக ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கும் இங்கு நினைக்கத்தக்கது. பயங்கரவாதத்தைக் காரணம் காட்டியே அரசு முடக்கத்தை நியாயப்படுத்தியது. இணையவழிக் கருத்துரைக்கும் அரசமைப்பின் காப்பு உண்டு, முடக்க ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், காலவரையற்ற முடக்கம் கூடாது, கட்டுப்பாடு தேவையின் அளவுக்கு மேற்படலாகாது என்று 2020 ஜனவரி 10 அன்று உச்சநீதிமன்றம் கூறியது. எனினும் அம்முடக்கத்தை அது உடனே நீக்கிவிடவில்லை. நெறி வகுக்கப்பட்டது, களத்துச் செய்தியாளர்க்குக் கிடைத்த பயன் குறைவே.

குரலைத் தடுத்த அயல்நாட்டு அனுபவம்

செய்தியின் ஊற்றை அடைப்பதால் பயன் விளையுமா என்பதற்குப் பிரித்தானியாவின் அனுபவம் விடை தருகிறது. விளம்பரம் என்பது பயங்கரவாதிகளின் உயிர்மூச்சு, அதனை அவர்களுக்கு மறுக்கவேண்டும் என்னும் கருத்தைப் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1985இல் முன்வைத்தார். 1988 அக்டோபரில் வட அயர்லாந்தைச் சார்ந்த ஐரியக் குடியரசுப் படை, சின் பெயின் முதலிய பதினொரு அமைப்புகளின் சார்பாளர்கள் பேசுவதை ஒலிபரப்பத் தடை விதிக்கப்பட்டது. தொலைக்காட்சிகள் உருவத்தைக் காட்டி, நடிகர்களின் குரலில் அப்பேச்சை ஒலிக்கச் செய்தன. சொல் தடைபடவில்லை, குரல் மட்டும் மாறியது. 1994 செப்டம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 1998இல் அமைதி உடன்பாடு எட்டப்பட்டபோது சின் பெயின் அதில் ஒரு தரப்பாக இருந்தது. ஒரு காலத்தில் மக்கள் கேட்கலாகாது என்று கருதப்பட்ட குரல் பின்னர்ப் பேச்சுவார்த்தை மேசையில் கேட்கவேண்டிய குரலாயிற்று.

தமிழகத்திலும் இதற்கொப்பான முரண் காணப்படுகிறது. 2000இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது, அவனை நேர்கண்டு செய்தி வெளியிட்டிருந்த 'நக்கீரன்' ஆசிரியர் கோபாலை இரு மாநில அரசுகளும் தூதுவராகப் பயன்படுத்தின. 2003இல் அவர் பொடா சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். இரண்டும் வெவ்வேறு சூழல்கள். வழக்கின் குற்றச்சாட்டுகளும் வேறு. ஆயினும் சட்டத்துக்கு வெளியே இருப்பவரோடு இதழாளர் கொள்ளும் தொடர்பு, அரசுக்கு வேண்டும்போது சேவையாகவும் வேண்டாதபோது ஐயத்துக்குரியதாகவும் ஆகக்கூடும் என்பதை அக்காலச் சூழல் உணர்த்துகிறது. பொடா சட்டம் 2004இல் நீக்கப்பட்டது. அச்சட்டம் எழுப்பிய வினா நீங்கவில்லை.

செய்தி மொழியும் முன்தீர்ப்பும்

ஊற்று ஒன்றாகும்போது செய்தியின் மொழியும் மாறுகிறது. தமிழ் நாளிதழ்களில் தீவிரவாதி, பயங்கரவாதி என்னும் இரு சொற்களும் ஒரு பொருளனவாகவே வழங்கப்படுகின்றன. தீவிரவாதம் என்பது கொள்கையின் கடுமையைக் குறிக்கும்; பயங்கரவாதம் என்பது பொதுமக்களை அச்சுறுத்தும் வன்முறையைக் குறிக்கும். ஒன்று கருத்துநிலை, மற்றொன்று குற்றம். இரண்டையும் ஒன்றாக்கும்போது கருத்தே குற்றமாகிவிடுகிறது. அதேபோல 'பயங்கரவாதி கைது' என்னும் தலைப்பில், குற்றஞ்சாட்டப்பட்டவர் என்னும் நிலையே இல்லை. கைது முடிந்த அன்றே தீர்ப்பும் முடிந்துவிடுகிறது. பின்னர் அவர் விடுதலையானால் அச்செய்தி உள்பக்கத்தில் ஒரு பத்தியளவில் இடம்பெறுகிறது.

'கூறப்படுகிறது', 'தெரியவந்துள்ளது', 'நம்பப்படுகிறது' என்னும் வினைமுற்றுகள் இச்செய்திகளில் மிகுதி. இவற்றில் எழுவாய் தோன்றாது. கூறியவர் யார், எவ்வாறு தெரியவந்தது, நம்பியவர் எவர் என்பன மறைகின்றன. பெரும்பாலும் கூறியவர் காவல் அலுவலர்; ஆனால் வாசகருக்கு அது உலகறிந்த உண்மைபோல் தோன்றுகிறது. 'காவல்துறை கூறுகிறது' என்று எழுவாயோடு எழுதினால், வேறொருவர் வேறாகக் கூறக்கூடும் என்னும் எண்ணத்துக்கு இடமிருக்கும். இலக்கணத்தில் சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, நீதியில் பெரியது.

ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் பிறிதோர் ஒற்றனைக் கொண்டு தேர்ந்து கொள்ளவேண்டும் என்பது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்குக் கூறும் அறம். தனக்கு உரிய ஒற்றனின் சொல்லையே ஒரு வாயால் ஏற்கலாகாது என்கிறது வள்ளுவம். மன்னனுக்கு வேண்டிய அவ்விழிப்பு, மக்களே மன்னராகிய ஆட்சியில் மக்களுக்கும் வேண்டும். ஓர் அலுவலரின் விளக்கத்தையே செய்தியாகக் கொள்ளச் செய்யும் விதி இவ்வறத்துக்கு மாறானது.

2025 உணர்த்தும் உண்மை

2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் சுற்றுலாப் பயணியர்மீது நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். நான்கு நாள்களில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கு ஓர் அறிவுரை விடுத்தது. கார்கில் போர், மும்பைத் தாக்குதல், கந்தகார் விமானக் கடத்தல் ஆகியவற்றைச் சுட்டி, பாதுகாப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டலாகாது என்று அது வலியுறுத்தியது. மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மோதல் மூண்டபோது பல செய்தித் தொலைக்காட்சிகள் நிகழாதவற்றையே நிகழ்ந்தனவாக ஒளிபரப்பின. கராச்சித் துறைமுகம் இந்தியக் கடற்படையால் தாக்கப்பட்டது என்பது அவற்றுள் ஒன்று. பீரங்கித் தாக்குதலில் இறந்த குடிமகன் ஒருவர் பயங்கரவாதி என்று காட்டப்பட்ட கொடுமையும் நேர்ந்தது.

இந்நிகழ்வு ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது. நடப்பில் உள்ள விதி மெய்யான காட்சியை அஞ்சுகிறது; பொய்யான காட்சியைப் பொருட்படுத்துவதில்லை. நிலைகளைக் காட்டாதவரை ஊடகம் எதனையும் கூறலாம் என்னும் நிலை உருவாகிவிட்டது. களத்தில் செய்தி திரட்டும் வழி அடைபட்டால், இருபத்துநான்கு மணிநேரமும் பேசவேண்டிய தொலைக்காட்சி அந்த வெற்றிடத்தை ஊகத்தாலும் வீரவுரையாலும் நிரப்பிக்கொள்கிறது. 2008இல் காணப்பட்ட பரபரப்பு மறையவில்லை. மெய்ச்செய்தியிலிருந்து பொய்ச்செய்திக்கு இடம்பெயர்ந்துள்ளது. இதில் ஊடகத்தின் பொறுப்பும் குறைந்ததன்று. அரசு எந்தத் தொலைக்காட்சியையும் பொய் கூறுமாறு விதிக்கவில்லை. பொய்யை மறுத்தவர்களுள் அத்தொலைக்காட்சிகளைவிடச் சிறிய செய்தி சரிபார்ப்புக் குழுக்களே முன்னின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் தெளிவாகின்றன. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையின்போது நேரலையைத் தாமதப்படுத்துவது அரசமைப்புக்கு உட்பட்டது. அது உயிர்களைக் காப்பது. செய்தியை ஒரே அலுவலரின் வாய்மொழியாகச் சுருக்குவது அந்நோக்கத்துக்குத் தேவையற்றது. உச்சநீதிமன்றத்தின் கண்டனத்திலிருந்து அது பெறப்படுவதும் அன்று. நேரலைத் தடையை வைத்துக்கொண்டு அலுவலர் விளக்கத்தோடு நிற்கவேண்டும் என்னும் பகுதியை நீக்குவதும், விதிமீறலை அமைச்சகக் குழுவன்றி நடுநிலையான அமைப்பு ஆராய்வதும் செய்யத்தக்கன. ஊடகமும் எழுவாய் தோன்றாத வாக்கியங்களைத் தவிர்த்து, கூறியவர் இன்னார் என்று சொல்லும் கடமையை ஏற்கவேண்டும்.

மும்பை இரயில் நிலையத்தில் அன்று படமெடுத்த இருவர், எந்த அலுவலரின் விளக்கத்துக்காகவும் காத்திருக்கவில்லை. எவருடைய உயிருக்கும் ஊறு செய்யவுமில்லை. பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்று கூறுவோருக்கு அவர்களின் பணியே போதிய மறுப்பாகும்.